பீரங்கி எட்டிய கரையும் காவி நடந்த தெருவும்

எங்கள் பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்றொரு திடல் உண்டு. செய்யாத களவுக்காகக் கோவலன் வெட்டுண்டு வீழ்ந்த இடம் இதுவே என்று ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். 1980-ஆம் ஆண்டில் மாநிலத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்து பார்த்தனர். முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. கோவலனுக்குச் சான்றாக எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று ஊரார் எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும், அரசனொருவன் தீர விசாரியாமல் ஓர் உயிரைப் பறித்தான் என்னும் செய்தியை, கல்வெட்டின் துணையும் கட்டடத்தின் துணையும் இன்றி, ஒரு வெற்றுத் திடலின் பெயர் இன்றுவரை காத்து வைத்திருக்கிறது. தோற்றவனின் பெயரால் ஓரிடம் வழங்கப்பெறுவது உலகில் அரிது. வென்றவனுக்கே பெரும்பாலும் தெருவும் சிலையும் வாய்க்கின்றன.

அண்மையில் மதுரையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்திலிருந்து வீடு திரும்புகையில் அத்திடலின் ஓரமாக நடந்து வந்தேன். நெஞ்சில் ஒரு கனம் இருந்தது. கூட்டத்தில் பேசிய அறிஞர் ஒருவர், மேனாட்டுப் பாதிரிமார் இம்மண்ணில் கால் வைத்திராவிடில் தமிழுக்கு அச்சு ஏது, உரைநடை ஏது, அகராதி ஏது என்று முழங்கினார். கைதட்டல் அடங்குமுன், பின்வரிசையிலிருந்து நம் சமுதாய இளைஞர் ஒருவர் எழுந்தார். "அவர்கள் கடற்கொள்ளையரின் கைக்கூலிகள், அவர்கள் பேச்சைக் கேட்டு மதம் மாறியவர்கள் நாட்டைக் காட்டிக் கொடுத்தவர்கள்" என்று உரத்த குரலில் கூறிவிட்டு அமர்ந்தார். அதற்கும் ஒரு மூலையிலிருந்து கைதட்டல் எழுந்தது. அந்த இளைஞரின் கைதட்டலே அறிஞரின் கைதட்டலைவிட எனக்கு அதிகம் வலித்தது. காரணம் உண்டு, சொல்கிறேன்.

முதலில் அறிஞரின் கூற்றை எடுத்துக்கொள்வோம். மறுக்கவியலாத உண்மை அதில் பாதி உண்டு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் தமிழெழுத்தில் அச்சாயிற்று. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறியது அப்பொழுதுதான். அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் 1586-இல் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலையும் அச்சிட்டார். பிற்காலத்தே வீரமாமுனிவர் காப்பியமும் சதுரகராதியும் தந்தார். இவற்றைத் தமிழர் எவரும் நன்றியோடே நினைக்க வேண்டும். நினைப்பதில் நமக்குத் தடையேதும் இல்லை.

ஆனால் 'அதற்கு முன் நம்மிடம் ஒன்றுமில்லை' என்று அறிஞர் தொடர்ந்தாரே, அங்கேதான் வழக்கு. இறையனார் களவியலுக்கு உரை கண்ட மரபும், நச்சினார்க்கினியர் உரைநடையும் எவ்வூர்க்குரியன? இந்த மதுரைக்குரியன அல்லவா? அது போகட்டும். தம்பிரான் வணக்கம் அச்சேறுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1572-இல், இதே மதுரையில், வண்ணப் பரிமளப் புலவர் தம்முடைய 'ஆயிரம் மசலா'வை அரங்கேற்றினார். இஸ்லாத்தைப் பாடுபொருளாகக் கொண்டு, முழுமையாக இன்று நம் கைக்குக் கிட்டியுள்ள தமிழ் நூல்களுள் முதலாவது அதுவே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யூத அறிஞர் இப்னு ஸலாம் கேட்ட வினாக்களும் அவற்றுக்கான விடைகளுமே நூலின் உடல். 1578-ஐ நம் பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருப் போடுகின்றனர். 1572-ஐ அந்த அறிஞர் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே ஐயம். அவரை மட்டும் நோவானேன்? அன்று கைதட்டிய நம்மவர்களுள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

பாதி உண்மையின் மறுபாதியை இனிப் பார்ப்போம். அது கடற்கரையில் இருக்கிறது.

1492-இல் கிரனாடா வீழ்ந்தது. ஸ்பெயினில் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் தழைத்திருந்த முஸ்லிம் ஆட்சிக்கு அத்தோடு முடிவு. பத்தாண்டுகளுக்குள், 1502-இல், காஸ்தில் நாட்டு முஸ்லிம்களுக்கு ஞானஸ்நானம் பெறு அல்லது நாட்டைவிட்டு நீங்கு என்று அரசாணை பிறந்தது. அதே 1502-ஆம் ஆண்டில், மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்னும் கப்பலை வாஸ்கோ ட காமா மலபார்க் கடலில் மறித்துப் பொருளைப் பறித்து, பெண்டிரும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோர் உள்ளிருக்கத் தீயிட்டான். ஒரே ஆண்டில் ஒரே மனப்போக்கு இரு கடல்களில் செயற்பட்டது. ஐபீரியாவில் தாம் பொருதிய 'மூர்'களையே பறங்கியர் இக்கரையிலும் கண்டனர். அரபியும் மரைக்காயரும் மாப்பிள்ளையும் இராவுத்தரும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றே: மூர்.

இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதைப் பாருங்கள். பிலிப்பைன் தீவுகளுக்கு மேற்குக் கடல்வழியாகப் போய்ச் சேர்ந்த ஸ்பானியர், 1571-இல் மணிலாவைக் கைப்பற்றி, அத்தீவுகளின் முஸ்லிம்களுக்கு 'மோரோ' என்று பெயரிட்டனர். இலங்கையில் தமிழ் பேசும் நம் உடன்பிறப்புகள் தமிழில் சோனகர். ஆனால் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கின் ஆங்கிலப் பக்கத்தில் அவர்கள் இன்றும் 'மூர்'களே. பகைவன் பெயர் சூட்டிவிட்டுப் போய் முந்நூறு நானூறு ஆண்டுகள் ஆயின, பெயர் போகவில்லை. 1626-இல் போர்த்துக்கீசியர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து அந்தச் சோனகரை வெளியேற்றியபோது, அவர்களுக்கு மட்டக்களப்புப் பக்கம் குடியிருக்க இடம் கொடுத்தவர் கண்டியின் பௌத்த மன்னர் செனரத் என்பதையும் இங்கே சொல்லி வைப்பது நன்று.

கப்பலோடு ஒரு சீட்டும் வந்தது. பறங்கியரிடம் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு வாங்காத மரக்கலம் எதுவாயினும் பறிமுதலுக்குரியது. ஹஜ்ஜுக்குப் போகும் கப்பலுக்கும் அதுவே சட்டம். அச்சீட்டுகளில் மர்யம் (அலை), ஈசா (அலை) ஆகியோர் உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தமையால், அவற்றை ஏந்திக்கொண்டு அல்லாஹ்வின் இல்லத்துக்குச் செல்வதா என்று அக்பர் காலத்து ஆலிம்கள் மறுகிய செய்தியைப் பதாயூனி எழுதி வைத்திருக்கிறார். மலபாரில் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் 1580-களில் அரபியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' இந்தக் கடல் அடக்குமுறையின் முழு வரலாறு. பாதிரிமாரின் கடிதங்களை மட்டும் படித்துவிட்டுப் பதினாறாம் நூற்றாண்டை எழுதுவோர் அந்நூலையும் ஒருமுறை புரட்டினால் குறைந்தா போய்விடுவார்கள்?

இப்போது முத்துக்குளித்துறைக்கு வருவோம். அந்த இளைஞருக்கு நான் சொல்ல வேண்டியது இங்கே இருக்கிறது.

1530-களில் இக்கரைப் பரதவர் ஏறத்தாழ 20,000 பேர் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். ஏன் பெற்றனர்? மரைக்காயருக்கும் பரதவருக்கும் முத்தின்மேல் இருந்த பூசல் நெடுநாளையது. 1510-களில் இக்கரை பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா, காயலில் முத்துக்குளிப்பின் வரியைக் குத்தகை எடுத்திருந்த முஸ்லிம் செல்வரொருவரின் அதிகாரத்தை வியந்து குறிக்கிறார். அதிகாரம் இருந்த இடத்தில் அநீதி இராது என்று நாம் சாதிக்க முடியுமா? தூத்துக்குடியில் நடந்ததாகச் சேசு சபையாரின் பழைய எழுத்துகள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. பரதவப் பெண்ணொருத்தியை முஸ்லிம் ஒருவன் இழிவுபடுத்தினான். தட்டிக்கேட்ட அவள் கணவனின் காது, அணிந்திருந்த குழையோடு அறுபட்டது. அங்கே மூண்ட தீ கரை முழுதும் பரவிற்று. பரதவர் தலைக்கு விலை வைக்கப்பட்டது. சாமோரின் அவையில் முன்பிருந்து, கிறித்தவராகிக் குதிரை வாணிகம் செய்துவந்த ஜோவான் ட குரூஸ் என்பவர் சொன்ன வழியில் பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று பறங்கியரின் பாதுகாப்பைக் கேட்டனர். விலை, ஞானஸ்நானம்.

'இது வென்றவன் எழுதியது, நம்புவதற்கில்லை' என்று நம்மவர் தட்டிவிடுவர். வென்றவன் எழுதியதுதான், கூட்டியும் எழுதியிருக்கலாம். ஆனால் இருபதாயிரம் மக்கள் தம் வழிபாட்டை ஒரேயடியாக விட்டுப் பிறநாட்டான் காலடியில் போய் நிற்பதற்கு, காதறுபட்டது போன்ற ஏதோ ஒன்று நடந்திருக்கத்தானே வேண்டும்? அவர்களைக் காட்டிக் கொடுத்தவர்கள் என்று மேடையில் ஏசுகிறோம். அவர்களுடைய முத்தையும் மூச்சையும் அடக்கி ஆண்டவர்களுள் நம் வணிகரும் உண்டு என்பதை எந்த மேடையில் சொல்லியிருக்கிறோம்? அடுத்தவன் பீரங்கியைத் தேடுமாறு ஒருவனை விரட்டிவிட்டு, பீரங்கி வந்துவிட்டதே என்று அழுவதில் நியாயம் பாதிதான் இருக்கும்.

சொந்தத்துக்கு எதிராக நேரினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது நம் மார்க்கம் நமக்கு இட்ட கட்டளை. அதை நிறைவேற்றிக் காட்டியவர் இந்த மதுரைக்கே ஒருமுறை வந்திருக்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன், போரில் பிடிபட்ட இந்துக்களையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் கொன்ற கொடுமையை உலகுக்கு எழுதி வைத்தவர் பகைவரல்லர். அந்த சுல்தானின் மனைவிக்குச் சகோதரியை மணந்திருந்த இப்னு பதூதா. விருந்துண்ட வீட்டின் இழிசெயலை அவர் மறைக்கவில்லை. மாறாக, வேறெந்த அரசனும் செய்யக் கண்டிராத கேடு என்று வெறுத்தே எழுதினார். அவர் வழியில் எழுதுவோர் நம்முள் அருகிவிட்டனர்.

ஞானஸ்நானத்தின் பின் நடந்தது என்ன? 1538-இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் மார்த்தீன் அபோன்சோ தெ சூசாவின் படை மரைக்காயர்களின் கப்பற்படையை முறியடித்தது. முத்துக்குளித்துறை பறங்கியர் கைக்குள் சென்றது. மதம் மாறிய மக்களுக்குப் போதிக்க ஆள் வந்தது அதற்கும் பின்னர்தான். 1542-இல் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறித்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்கள் அறிந்திருக்கவில்லை என்று அவரே எழுதுகிறார். முதலில் கப்பல், பிறகு போர், அதன் பிறகே போதகர். இந்த வரிசையை மாற்றிச் சொல்வது வரலாறு ஆகாது.

ஸ்பெயினின் நவாராவில் பிறந்த சவேரியாரைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க என்னால் இயலவில்லை. வடுகர் படை குமரிமுனைப் பக்கம் பரதவரைச் சூறையாடியபோது, உணவும் நீரும் ஏற்றிய தோணிகளோடு அவர்களைத் தேடி ஓடியவர் அவர். பரதவரைச் சுரண்டிய போர்த்துக்கீசியத் தளபதியைக் கடுஞ்சினத்தோடு கண்டித்து எழுதியவரும் அவரே. மாறியவர்களைக்கொண்டே அவர்தம் பழைய கோயிற் குடில்களையும் உருவங்களையும் உடைக்கச் செய்து, அதைக் கண்டு தமக்குண்டான களிப்பைச் சொல்லி மாளாது என்று எழுதியவரும் அவரே. 1546-இல் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டவரும் அவரே. அவர் மறைந்த பின், 1560-இல், மன்றம் வந்தது. 1812 வரை நின்றது. கோவாவில் அவருடைய உடலை 2024-ஆம் ஆண்டின் இறுதியிலும் இலட்சக்கணக்கானோர் கண்டு வணங்கினர். வணங்குவோரின் பக்தியில் குறுக்கிட நமக்கு உரிமையில்லை. தோணியில் சோறு கொண்டுபோனதைப் பாடநூலில் எழுதுவோர், அந்தக் கடிதத்தையும் எழுத வேண்டும் என்று கேட்பதற்கு மட்டும் உரிமை உண்டு.

கரையை விட்டு உள்நாட்டுக்கு வாருங்கள். 1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். காவி உடுத்தார், புலாலை விட்டார், தமிழும் வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் எனப் பெயர் கொண்டார். தாம் பறங்கி அல்லர் என்று ஓலையில் எழுதி அறிவித்தார். மதுரையார்க்குப் 'பறங்கி' என்பது அவ்வளவு இழிசொல்லாயிருந்தது. (அச்சொல்லே அரபு நாவிலிருந்து வந்ததுதான். ஃபிராங்கு இனத்தாரை அரபிகள் அழைத்த பெயர், நம்மிடம் ஆளுக்குப் பறங்கியாகவும் ஆயுதத்துக்குப் பீரங்கியாகவும் இரண்டாய்ப் பிரிந்தது.) மதம் மாறிய உயர்சாதியார் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம், அவை வழக்கமே தவிர வழிபாடல்ல என்று நொபிலி வாதாடினார். நெடிய பூசலுக்குப் பின், 1623-இல் ரோமாபுரி அதற்கு இசைந்தது.

இதைத்தான் நம் அறிஞர்கள், பண்பாட்டை மதித்த மறைப்பணி என்று கொண்டாடுகின்றனர். கொண்டாடட்டும். அதே நாள்களில் ஸ்பெயினில் நடந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா? கிரனாடாவில் வலிந்து கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களுக்கு மொரிஸ்கோக்கள் என்று பெயர். அவர்கள் அரபி பேசக் கூடாது, தம் உடை உடுத்தக் கூடாது, தம் குளியலறைகளில் குளிக்கக் கூடாது என்று 1567-இல் சட்டம் வந்தது. குளிப்பதும் குற்றம்! 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 லட்சம் பேர், ஞானஸ்நானம் பெற்றிருந்தும், பிறந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டனர். துரத்திய மன்னன் மூன்றாம் பிலிப்பு. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே முடி. எனவே போர்த்துக்கல் முடியின் ஆதரவுரிமைக்குள் நடந்த மதுரை மறைப்பணிக்கும் அவனே காவலன். ஒரே மன்னன், ஒரே மதம், ஒரே பத்தாண்டு. மதுரையில் பூணூல் வழக்கம். கிரனாடாவில் குளியல் குற்றம்.

ஏன் இந்த வேற்றுமை? நொபிலி மற்றவரினும் நல்லவர் என்பது விடையாகாது. அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். மதுரையில் ஆட்சி நாயக்கர் கையில் இருந்தது. பறங்கியின் பீரங்கி வைகைக்கு எட்டாது. கரையில் உருவங்களை உடைக்கச் சொன்ன மறைப்பணி, மதுரைத் தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தது. கை ஓங்கிய இடத்தில் கட்டளையும், ஓங்காத இடத்தில் பணிவும் என்றால், அப்பணிவைப் போற்றும்போது அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலும், நொபிலி மதித்தது எவருடைய வழக்கத்தை? மதுரையில் அவருக்கு முன்னரே பெர்னாந்தஸ் பாதிரியார் பரதவர்க்கென நடத்திவந்த கோயில் இருந்தது. அக்கோயிலோடு ஒட்டாமல் தனியே நின்றார் நொபிலி. பின்னர், 1640-க்குப் பின், மேற்சாதிக்கொரு துறவியும் மற்றவர்க்குப் பண்டாரசாமியும் என்று போதகரே இரு வகையாயினர். சாதியைப் பண்பாடு என்று பெயர் மாற்றினால் அது சாதி அல்லாமற் போய்விடுமா?

உலகின் மறுகோடியில் கலிபோர்னியாவில் இதே பாடம் கண்கூடு. 1769 முதல் 1823 வரை ஸ்பானியத் துறவியர் அங்கே 21 மறைப்பணித் தலங்களை நிறுவினர். துணைக்குப் படைவீரர் இருந்தனர். ஆகவே அங்கே காவியும் இல்லை, குடுமியும் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற பழங்குடியினர் அத்தலத்தை விட்டு நீங்கக் கூடாது, ஓடினால் வீரர் பிடித்து வருவர், கசையடி விழும். நோயிலும் உழைப்பிலும் மாண்டோர் எண்ணற்றோர். பிற்காலத்தே அதே தலங்கள் வெள்ளையடித்த சுவரும் ஓட்டுக்கூரையும் மணிவளைவுமாக அழகிய நினைவுச் சின்னங்களாயின. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றை அட்டையாலும் சர்க்கரைக் கட்டியாலும் பொம்மையாகச் செய்து பழகினர். அவற்றைத் தொடங்கிய ஜூனிப்பெரோ செர்ராவுக்கு 2015-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. 2020-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் மக்கள் அவர் சிலைகளைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினர். சர்க்கரைக் கட்டியால் நினைவைக் கட்டினால் அது ஒருநாள் கயிற்றால்தான் இறங்கும் போலும்.

நான் கயிற்றை வேண்டுபவன் அல்லேன். பாளையங்கோட்டையிலும் திருச்சியிலும் சென்னையிலும் சேசு சபையார் கல்லூரிகளில் படித்துப் பட்டம் பெற்ற முஸ்லிம் குடும்பங்கள் எத்தனை எத்தனை! பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் சாலையில் சற்றுத் தொலைவு போனால் பசுமலை. அங்கே அமெரிக்க மிஷன் 1845 முதல் நடத்திய கல்விப் பணியின் பயனை இச்சுற்று வட்டாரத்தில் துய்க்காத சமுதாயம் இல்லை. அந்த உப்பைத் தின்றுவிட்டுச் சிலையை உடைக்கப் புறப்படுவது நம் பண்பன்று. நான் கேட்பது சிலையின் அடியில் முழுக் கதையும் இருக்க வேண்டும் என்பதே.

முழுக் கதை எவ்வளவு வியப்பானது என்பதற்கு அண்டிரிக் அடிகளாரே சான்று. முதல் தமிழ் அச்சு நூலைத் தந்த அவர், போர்த்துக்கலில் வலிந்து மதம் மாற்றப்பட்ட யூதர் குலத்தில் வந்தவர். அக்குலப் பிறப்பே காரணமாக பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக்கப்பட்டுச் சேசு சபையை அடைந்தவர். எந்த விசாரணை மன்றத்தைச் சவேரியார் கோவாவுக்குக் கேட்டாரோ, அதன் கண் முதலில் தேடியது அவர் போன்றோர் குலத்தைத்தான். அண்டலூஸில் முஸ்லிமும் யூதரும் சேர்ந்தே துரத்தப்பட்டனர் என்பது நாம் அறிந்தது. அத்துரத்தலுக்குத் தப்பிய ஒரு குடும்பத்தின் பிள்ளைதான், நம் புன்னைக்காயலில் மணலில் அமர்ந்து தமிழ் எழுத்துகளை வார்த்தெடுக்கச் செய்தது. அவரைக் கொள்ளையரின் கைக்கூலி என்று அந்த இளைஞர் எப்படிச் சொல்வார்? அவரை வெறும் அச்சுத் தந்தை என்று அந்த அறிஞர்தாம் எப்படிச் சொல்லி முடிப்பார்?

நம் குறையையும் மறைப்பதற்கில்லை. 1578-இல் நம் கண்ணெதிரே தமிழ் அச்சு பிறந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் அச்சேறியது 1842-இல், காயல்பட்டினத்துச் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால். இடையே 264 ஆண்டுகள். 1835 வரை அச்சகத்தின்மீது கும்பினியின் கட்டுப்பாடு இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முந்திய இருநூறு ஆண்டுகளுக்கும் அக்காரணம் பொருந்துமா? கப்பல் கட்டத் தெரிந்தவர்கள், அரபெழுத்தில் தமிழ் எழுதும் அருமையான முறையை வளர்த்தவர்கள், கீழக்கரையில் சதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற பேரறிஞரைப் பெற்றவர்கள், ஓர் அச்சு எழுத்தை வார்க்க முற்படவில்லை. ஏடு அரித்தது, நினைவும் அரித்தது. எழுதி அச்சிட்டவன் நினைக்கப்படுகிறான் என்பதில் அவன் குற்றம் என்ன?

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்த இளைஞரை நிறுத்திப் பேசினேன். காதறுபட்ட கதையைச் சொன்னேன். முகம் சிவந்தது. "மாமா, நம்மவர்களே நம்மைப் பழித்தால் மற்றவர் சும்மா இருப்பார்களா?" என்றார். "தம்பி, தூத்துக்குடியில் ஒரு பரதவப் பெரியவர் முன்னால் உட்கார்ந்து நீங்கள் பேசியதை அப்படியே பேச முடியுமா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்து, "வேதாளைக்கு எந்த வழியாகப் போக வேண்டும்?" என்றார். இராமநாதபுரம் போய், இராமேசுவரம் சாலையில் மண்டபத்துக்கு முன்பாக இறங்கச் சொன்னேன்.

அறிஞருக்கோ ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை 1578-ஐ அவர் மேடையில் சொல்லும்போது, 1572-ஐயும், முடிந்தால் 1567-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறேன். நாளை அஞ்சலில் சேர்ப்பேன், இன்ஷா அல்லாஹ்.